முப்பதாம் எண் பல்லின் கணக்கு

நம் ஊரில் பல் டாக்டரிடம் பணப் பேச்சு நேராக நடக்கும். "கேப் போட எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்று கேட்போம். உலோகம் என்றால் இவ்வளவு, செராமிக் என்றால் இவ்வளவு, ஜிர்கோனியா என்றால் இன்னும் கொஞ்சம் என்பார். குறைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு ஜிபேயில் அனுப்பிவிட்டு வருவோம். அமெரிக்காவில் பல் காப்பீடு வைத்திருப்பவர் இதே கேள்வியைக் கேட்டால் உறுதியான பதில் பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் வரும். நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது சொல்லப்படுவது ஒரு மதிப்பீடு மட்டுமே. அந்த மதிப்பீட்டுக்கும் கடைசியில் வரும் பில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக மென்பொருள்கள் வேலை செய்துவருகின்றன. சிலவற்றை நன்றாகவே சரிசெய்திருக்கின்றன. ஒன்றை மட்டும் இன்னும் முழுதாகத் தொட முடியவில்லை.

ஒரு பல்லை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தாடையின் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல். அமெரிக்கப் பதிவேட்டில் அதன் எண் 30. மேல்வரிசையின் வலக்கோடியில் உள்ள ஞானப்பல்லை 1 என்று தொடங்கி, இடக்கோடியில் 16 வரை போய், கீழே இறங்கி 17 என்று திரும்பி, வலக்கோடியில் 32-இல் முடிப்பது அவர்கள் வழக்கம். தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகள் உட்பட உலகின் பெரும்பகுதியில் அதே பல்லுக்கு எண் 46. வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தால் நான்காவது பகுதியில், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. பி.டி.எஸ். படித்துவிட்டு அமெரிக்க பில்லிங் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதல் வாரத்தில் வாயை மறுபடி எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

பல்லுக்கு எண் இருப்பதுபோல வேலைக்கும் எண் உண்டு. டி என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும் சேர்ந்தது அது. பெரியவருக்குப் பல் சுத்தம் செய்தால் டி1110. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால் டி3330. செராமிக் கிரவுன், அதாவது நாம் கேப் என்பது, டி2740. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 1969-இல் இந்தப் பட்டியலின் முதல் வடிவத்தை வெளியிட்டது. 1996-இல் வந்த ஹிப்பா என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டபோது, மின்னணு முறையில் அனுப்பும் எல்லாப் பல் கிளெய்ம்களுக்கும் இதுவே கட்டாயக் குறியீடு ஆயிற்று.

இந்த அமைப்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பொது மருத்துவத்தில் ஒரு கிளெய்ம் அனுப்பினால் என்ன செய்தோம் என்பதற்கு ஒரு குறியீடும், எந்த நோய்க்காகச் செய்தோம் என்பதற்கு இன்னொரு குறியீடும் சேர்ந்தே போகும். பல் கிளெய்மில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் போகிறது. நோய்க் குறியீட்டுக்குப் படிவத்தில் இடம் இருந்தாலும் பலர் அதை நிரப்புவதில்லை. ஆக, காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்கு 30-ஆம் எண் பல்லுக்கு கிரவுன் போட்டார்கள் என்று தெரியும். ஏன் போட்டார்கள் என்று தெரியாது. அந்த 'ஏன்' என்பதை எக்ஸ்ரே, புகைப்படம், நாலு வரி விளக்கம் என்று தனியாக அனுப்பித்தான் சொல்ல வேண்டும். பல் பில்லிங்கில் வந்த டிஜிட்டல் மாற்றங்களில் சுவாரசியமானவை எல்லாம் இந்த ஓட்டையைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

அதற்கு முன் பணத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கப் பல் காப்பீட்டின் தொடக்கம் மேற்குக் கரைத் துறைமுகங்களில் இருக்கிறது. 1954-இல் துறைமுகத் தொழிலாளர் சங்கமும் கப்பல் நிறுவனங்களின் அமைப்பும் சேர்ந்து, தொழிலாளர்களின் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை தர ஏற்பாடு செய்யும்படி வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா பல் மருத்துவர் சங்கங்களை அணுகின. அப்படிப் பிறந்த அமைப்புகள் வளர்ந்ததே இன்றைய டெல்டா டென்டல். 1965-இல் முதியோருக்கான மெடிகேர் வந்தபோது வழக்கமான பல் சிகிச்சையை அது வெளியே நிறுத்திவிட்டது. எனவே பல் காப்பீடு தனி வழியில் வளர்ந்தது. தனி வழியின் விலை என்ன என்றால், ஆண்டு உச்சவரம்பு. 1970-களிலேயே ஆண்டுக்கு 1,000 டாலர் அளவில் இருந்த அந்த வரம்பு, இன்றும் பல திட்டங்களில் 1,000-க்கும் 2,000-க்கும் இடையில்தான் நிற்கிறது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. இது காப்பீடே இல்லை, வரம்பு போட்ட தள்ளுபடி என்று சொல்லும் பல் மருத்துவர்கள் அங்கே நிறையப் பேர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நம் 30-ஆம் எண் பல்லுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரவுனுக்கு மருத்துவர் வைத்திருக்கும் கட்டணம் 1,500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனத்துடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 1,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது. பெரிய சிகிச்சைகளுக்கு நிறுவனம் பாதிதான் தரும், அதுவும் முதல் 50 டாலரை நோயாளி ஏற்றுக்கொண்ட பிறகு. ஆயிரத்தில் 50 போக 950, அதில் பாதி 475. முன்மேசையில் இருப்பவர் இந்தத் தொகையைச் சொல்லி, மீதி 525 உங்கள் பொறுப்பு என்கிறார். ஆனால் இந்த நோயாளி மூன்று மாதங்களுக்கு முன் வேறொரு கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்துகொண்டார். அப்போதே அந்த முதல் 50 டாலர் தீர்ந்துவிட்டது. 1,500 டாலர் ஆண்டு வரம்பில் 1,200-ம் தீர்ந்துவிட்டது. மிச்சம் 300. ஆக, நிறுவனம் தருவது 300, நோயாளி தர வேண்டியது 700. வேறு கிளினிக்கில் நடந்தது இங்கே தெரியாவிட்டால் 175 டாலர் வித்தியாசம். சண்டை வருவதற்கு அது போதும்.

இதைத் தவிர்க்கத்தான் தகுதிச் சரிபார்ப்பு. ஒரு காலத்தில் இதற்குத் தொலைபேசியும் காத்திருப்பு இசையும்தான் வழி. இன்று கிளினிக்கின் கணினி 270 என்ற எண் கொண்ட கேள்வியை அனுப்பும், நிறுவனத்தின் கணினி 271 என்ற பதிலைத் தரும், சில விநாடிகளில். காப்பீடு நடப்பில் இருக்கிறதா, வரம்பில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அதில் வந்துவிடலாம். வராதவைதான் தொல்லை. பல் விழுந்த பிறகு காப்பீட்டில் சேர்ந்தவருக்கு அந்த இடத்தில் செயற்கைப் பல் கட்டப் பணம் தரமாட்டோம் என்று ஒரு விதி இருக்கலாம். பழைய கிரவுனை ஐந்து ஆண்டுக்குள் மாற்றினால் தரமாட்டோம் என்று ஒன்று. ஏழு ஆண்டு என்று இன்னொரு திட்டத்தில். கடைவாய்ப் பல்லில் வெள்ளை அடைப்பு வைத்தாலும் பழைய வெள்ளி அடைப்பின் விலைக்குத்தான் கணக்கிடுவோம் என்று மற்றொன்று. ஒரே நிறுவனம் ஆயிரக்கணக்கான முதலாளிகளுக்கு ஆயிரக்கணக்கான திட்டங்களை விற்கிறது, ஒவ்வொன்றிலும் விதி வேறு. இவை 271 பதிலில் முழுதாக வருவது அரிது. எனவே நிறுவனத்தின் இணையத்தளத்துக்குள் நுழைந்து தேடுகிறார்கள், அதிலும் இல்லையென்றால் போன். இந்தத் தேடலை இப்போது பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் செய்கின்றன. போன் பண்ணிப் பேசவும் செயற்கை நுண்ணறிவுக் குரல்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. மறுமுனையில் நிறுவனம் வைத்திருப்பதும் எந்திரக் குரல்தான் என்பதால், ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று எந்திரமும் எந்திரமும் மரியாதையாகப் பேசிக்கொள்கின்றன. நடுவில் ஒரு கோப்பை அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் வேலை அது.

கிளெய்மை அனுப்புவது தீர்ந்துபோன சிக்கல். 837 என்ற கோப்பின் பல் மருத்துவ வடிவம் நட்சத்திரக் குறிகளும் அலைக்குறிகளும் நிரம்பிய சில வரிகள்தான். யார், எந்தப் பல், எந்தக் குறியீடு, எவ்வளவு டாலர் என்பது அதில் இருக்கும். கிளினிக் அதை நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குத் தனித்தனியாக அனுப்புவதில்லை. கிளியரிங் ஹவுஸ் என்ற இடைநிறுவனத்துக்கு மொத்தமாக அனுப்பும். ரயில்வே மெயிலில் கடிதங்களைப் பிரித்து ஊர்ப் பைகளில் போட்டதுபோல அது கிளெய்ம்களைப் பிரித்து உரிய நிறுவனங்களுக்கு அனுப்பிவிடும். பிறந்த தேதி விடுபட்டது, பல் எண் இல்லாதது போன்ற பிழைகளை அங்கேயே பிடித்துத் திருப்பி அனுப்பும்.

ஆனால் அந்த 'ஏன்' இந்த வரிகளில் ஏறாது. ஃபிலிம் காலத்தில் எக்ஸ்ரேக்குப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புவார்கள். வரவில்லை என்று நிறுவனம் சொல்லும், மறுபடி அனுப்புவார்கள். டிஜிட்டல் சென்சார் வந்த பிறகு படத்தை ஒரு பொதுச் சேமிப்பகத்தில் ஏற்றி, அதற்குக் கிடைக்கும் எண்ணைக் கிளெய்மின் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுவது வழக்கமாயிற்று. நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒட்டுப்போட்ட ஏற்பாடு. இணைப்புகளை அனுப்ப ஒரு பொதுத் தரம் வேண்டும் என்று 1996 சட்டமே சொல்லியிருந்தது. அமெரிக்க அரசு 2005-இல் முன்வைத்த விதி நிறைவேறாமல் போய், மறுபடி ஒரு முன்மொழிவு வந்தது 2022 டிசம்பரில். இடையில் 26 ஆண்டுகள். கணினித் துறையில் அது எத்தனை யுகம் என்று வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பில்லிங்குக்காகவே செய்யப்படாத ஒரு கருவி பில்லிங்கின் ஒரு பழைய தகராறைத் தீர்த்துவைத்த கதையும் உண்டு. கிரவுனுக்கு வழக்கமாக இரண்டு முறை போக வேண்டும். முதல் நாள் பல்லைச் செதுக்கி அச்செடுப்பார்கள். லேப் செய்து அனுப்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அடுத்த முறை பொருத்துவார்கள். சிகிச்சைத் தேதி எது? பல நிறுவனங்கள் பொருத்திய தேதிதான் செல்லும் என்கின்றன, சில செதுக்கிய தேதியை ஏற்கின்றன. டிசம்பரில் செதுக்கி ஜனவரியில் பொருத்தினால் எந்த ஆண்டின் வரம்பிலிருந்து எடுப்பது? நடுவில் வேலை போய்க் காப்பீடு நின்றுவிட்டால்? செதுக்கிய தேதியைப் பொருத்திய தேதியாகப் போட்டு பில் அனுப்பி மாட்டிக்கொண்ட கிளினிக்குகள் உண்டு. 1985-இல் சூரிக்கில் முதல் நோயாளிக்குப் பயன்பட்ட செரெக் கருவியும் அதன் வழிவந்த ஸ்கேனர்களும், வாயை ஒளியால் அளந்து, பக்கத்து அறையிலேயே செராமிக் கட்டியைக் கடைந்து, அன்றே பொருத்த வழி செய்தன. செதுக்கிய நாளும் பொருத்திய நாளும் ஒன்றாகிவிட்டால் தகராறுக்கு இடமே இல்லை. கூடவே, ஸ்கேன் செய்த முப்பரிமாணக் கோப்பு, கிரவுன் போடுவதற்கு முன் பல் எவ்வளவு உடைந்திருந்தது என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கிறது.

இப்போது நடக்கும் பெரிய மாற்றம் அந்தச் சாட்சியைப் படிப்பது யார் என்பதில். டி4341 என்ற குறியீட்டைப் பாருங்கள். ஈறுக்குக் கீழே வேர்வரை போய்ச் சுரண்டிச் சுத்தம் செய்வது அது. வாயின் ஒரு கால்பகுதியில் நான்கு பற்களோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டிருந்தால் இந்தக் குறியீடு. சாதாரணச் சுத்தத்தைவிடக் கட்டணம் அதிகம் என்பதால் காப்பீட்டு நிறுவனங்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழம் இருப்பதற்கு அளவுப் பட்டியலையும், எலும்பு தேய்ந்ததற்கு எக்ஸ்ரேயையும் கேட்கும்.

எலும்புத் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் அளக்க இரண்டு புள்ளிகள் போதும். பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடம் ஒன்று. தாடை எலும்பின் மேல்விளிம்பு மற்றொன்று. ஆரோக்கியமான வாயில் இவற்றுக்கு நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிடக் கூடினால் எலும்பு இறங்கியிருக்கிறது. பல் மருத்துவர்கள் குறித்துக்கொடுத்த ஏராளமான எக்ஸ்ரேக்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலைப்பின்னல், புதிய படத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் இந்த இரண்டு புள்ளிகளையும் தேடிப்பிடித்து, நடுவில் உள்ள படப்புள்ளிகளை எண்ணி, சென்சாரின் அளவைக்கொண்டு மில்லிமீட்டராக மாற்றிவிடுகிறது. 2021-இல் ஓவர்ஜெட் நிறுவனத்தின் இத்தகைய மென்பொருளுக்கும் 2022-இல் பேர்ல் நிறுவனத்தின் எக்ஸ்ரே படிக்கும் மென்பொருளுக்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. மருத்துவருக்கு உதவியாகத்தான், அவருக்குப் பதிலாக அல்ல.

அளவு திரையில் தசமத்தோடு தெரிந்தால் நம்பத் தோன்றும். ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல். கதிர் வரும் கோணம் சற்று மேலேறினாலோ கீழிறங்கினாலோ நிழல் குறுகும், நீளும். எலும்பும் அதோடு இடம் மாறியதுபோலக் காட்டும். பல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள எலும்பைப் பல்லே மறைத்துவிடும், எனவே பற்களின் இடைவெளியில் உள்ள எலும்பு மட்டும்தான் கணக்கில் வரும். அனுபவமுள்ள மருத்துவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படத்தைப் பார்ப்பார், ஈறில் அளவுகோலை விட்டும் பார்ப்பார். படம் மட்டுமே கையில் உள்ள கிளெய்ம் பரிசோதகருக்கு அந்த வசதி இல்லை. மென்பொருளுக்கும் இல்லை.

இதில் என்னை உறுத்துவது துல்லியம் அல்ல. கிளினிக்குக்கு, "இங்கே தேய்மானம் இருக்கிறது பாருங்கள்" என்று வண்ணம் பூசிக் காட்டும் மென்பொருளை விற்கும் நிறுவனமே, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கிளெய்ம்களைச் சலித்துப் பார்க்கும் மென்பொருளையும் விற்கிறது. ஒரே அளவுகோலை இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சச்சரவு குறையும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பரிசோதகர்கள் ஒரே படத்துக்கு இரண்டு முடிவு சொல்வது இத்துறையில் பழைய குறை. ஆனால் எத்தனை மில்லிமீட்டரில் 'சரி' நின்று 'இல்லை' தொடங்குகிறது என்ற கோட்டைப் போடுவது பணம் தருபவர்தான். மென்பொருள் அந்தக் கோட்டை நகர்த்துவதில்லை, அதன் இரண்டு பக்கமும் ஆட்களை வேகமாக நிறுத்துகிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கும் முடிவை எந்திரம் தனியாக எடுக்கக் கூடாது, உரிமம் பெற்ற மனிதர் ஒருவர் எடுக்க வேண்டும் என்கிறது. அந்த மனிதருக்கு ஒரு கிளெய்முக்கு எத்தனை விநாடி கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே குழாய்க்குள் விட்டதன் ஆபத்து 2024 பிப்ரவரி 21 அன்று தெரிந்தது. அமெரிக்காவின் மிகப்பெரிய கிளியரிங் ஹவுஸ்களில் ஒன்றான சேஞ்ச் ஹெல்த்கேருக்குள் பணம் பறிக்கும் கும்பல் புகுந்துவிட்டது. திருடிய கடவுச்சொல் ஒன்று, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவாயில், அவ்வளவுதான். ஆண்டுக்கு சுமார் 1,500 கோடிப் பரிவர்த்தனைகள் ஓடிய இடம் முடங்கியது. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் 2 கோடியே 20 லட்சம் டாலர் கப்பம் கட்டியதாக அதன் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். சுமார் 19 கோடிப் பேரின் தகவல் கசிந்தது. மருத்துவமனைகளோடு பல் கிளினிக்குகளும் சிக்கின. கிளெய்ம் போகவில்லை, பணமும் வரவில்லை. பல இடங்களில் பழைய காகிதப் படிவத்தைத் தேடி எடுத்தார்கள்.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. காசோலையோடு வந்த விளக்கக் காகிதத்துக்குப் பதில் 835 என்ற கோப்பு வருகிறது. ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு வெட்டப்பட்டது, எதனால் என்பதற்கு ஒரு காரண எண். 45 என்றால் ஒப்பந்த விலைக்கு மேற்பட்டது. 119 என்றால் வரம்பு தீர்ந்தது. மென்பொருள் இதைப் படித்து நோயாளியின் கணக்கில் தானே வரவு வைத்துவிடும். இதிலும் ஒரு குறும்பு உண்டு. சில நிறுவனங்கள் வங்கிக்கு நேராக அனுப்பாமல் ஒருமுறை மட்டும் செல்லும் மெய்நிகர் கிரெடிட் கார்டு எண்ணை ஃபேக்ஸிலோ மின்னஞ்சலிலோ அனுப்புகின்றன. கிளினிக் அதைத் தன் கார்டு எந்திரத்தில் தட்டி, கார்டுக் கட்டணத்தையும் தானே இழந்து, தனக்கு வர வேண்டிய பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் நிறுத்துவார்கள். எழுதிக்கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இந்த முழுச் சங்கிலியிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. 1990-களின் இறுதியிலிருந்து மெடிக்கல் பில்லிங் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டுவருகிறது. சாயங்காலம் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஷிப்ட், ஏ.ஆர். காலர் என்ற பதவி, நிலுவையில் உள்ள கிளெய்முக்காக நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்பது. பல் பிரிவில் அவர்களுடைய பெரும்பாடு 'ஃபுல் பிரேக்டவுன்' எடுப்பது. மறுநாள் வரப்போகும் ஒவ்வொரு நோயாளியின் திட்டத்துக்கும் விதிகளை எல்லாம் கேட்டுப் படிவம் நிரப்புவது. பாட்களும் எந்திரக் குரல்களும் முதலில் கைவைப்பது இந்த வேலையில்தான். ஆங்கிலம் நன்றாகப் பேசினால் போதும் என்று இனி இதில் நுழைவது கடினம். எக்ஸ்ரேயைப் பார்த்து, மறுக்கப்பட்ட கிரவுனுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதத் தெரிந்த பல் மருத்துவப் பட்டதாரிக்கு இன்னும் சில காலம் இடம் இருக்கும்.

சி.ஓ.பி. தெரிந்தவருக்கும் இருக்கும். ஒரு குழந்தைக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இரண்டு காப்பீடு இருந்தால் எது முதலில் பணம் தர வேண்டும் என்ற ஒழுங்குமுறை அது. அமெரிக்காவில் இதற்குப் பிறந்தநாள் விதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெற்றோரில் யாருடைய பிறந்தநாள் நாள்காட்டியில் முன்னே வருகிறதோ அவருடைய காப்பீடு முதலில். பிறந்த ஆண்டு கணக்கில் இல்லை, மாதமும் தேதியும் மட்டும். இதைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடும். ஆனால் பெற்றோர் விவாகரத்து ஆனவர்கள் என்றால், குழந்தையின் மருத்துவச் செலவு யாருடையது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால், பிறந்தநாள் விதி செல்லாது, தீர்ப்புதான் செல்லும். அந்தத் தீர்ப்பு எந்த 271 பதிலிலும் வருவதில்லை. யாராவது அந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போட்டு, கோபப்படாமல், நகல் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.